சகலையின் கைப்பிடி

மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்தே எங்கள் மனக்கட்டையும் அறிந்து வைத்திருக்கும் மருத்துவர் அம்மையார், இந்த அவையின் தலைவர் அவர்களே! பழைய டயர்கள் குவிந்து கிடந்த பின்புற அறையை உடற்பயிற்சிக் கூடமாக உருமாற்றிய பணிமனை மேலாளர் அவர்களே! உறங்க விடாமல் உழைத்தும் உழைக்க வைத்தும் இந்த விழாவை உருவாக்கிய சங்கச் செயலாளர் அவர்களே! விடியும் முன்னே வண்டியெடுத்து வீதிகளை விழிக்கச் செய்யும் ஓட்டுநர்களே! நின்றபடியே நாளெல்லாம் நடக்கும் நடத்துநர்களே! கழுவிக் கழுவியும் கிரீசு போகாத கரங்களோடு வந்து அமர்ந்திருக்கும் பட்டறைப் பெருமக்களே! வயதால் மூத்த பெரியோர்களே! அந்தக் கிரீசுக் கரங்களுக்குச் சோப்பு வாங்கியே சலித்துப்போன தாய்மார்களே! அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'ஆண்களின் கைப்பிடி வலிமையும் அதை வளர்க்கும் வழிகளும்.' தலைப்பைப் படித்ததும் செயலாளரைக் கேட்டேன். "ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். ஆண்களின் கைவலிமை பற்றிப் பேச உங்களுக்கு ஓர் ஆண் கிடைக்கவில்லையா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், எந்த ஆம்பளையக் கூப்பிட்டாலும் அவன் கையப் பத்தித்தான் பேசுவான். உண்மை வேணும்னா வீட்டுக்காரம்மாவத்தான் கேக்கணும்."

கைதட்டுகிறீர்கள். யார் பலமாகத் தட்டுகிறீர்கள் என்று பார்த்தால், எல்லாம் தாய்மார்கள்!

ஆகவே உண்மையைப் பேச வந்திருக்கிறேன். என் வீட்டு உண்மை. அந்த உண்மைக்கு உரியவர் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். பயப்படாதீர்கள். அனுமதி வாங்கிவிட்டேன். "எல்லாத்தையும் சொல்லு, ஆனா என்ன விட்டுக்கொடுத்துடாத" என்றார். இரண்டையும் ஒரே பேச்சில் எப்படிச் செய்வது என்று நேற்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவரை உங்களில் அறியாதவர் உண்டா? இந்தப் பணிமனையில் அவருக்கு அவருடைய பெற்றோர் வைத்த பெயரே மறந்துவிட்டது. குறடு! குறடு என்றால் போதும். சக்கரத்து நட்டு துருவேறி இறுகி, ஸ்பானரே வழுக்கினாலும், "குறடைக் கூப்பிடு" என்பீர்கள். வருவார். பிடிப்பார். திருகுவார். கழன்றுவிடும். திருமணத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்த நாளிலேயே என் அப்பாவின் பழைய பெட்டியின் துருப்பிடித்த பூட்டை வெறுங்கையால் நெம்பித் திறந்து காட்டியவர் அவர். எங்கள் அப்பா அந்த நிமிடமே சம்மதித்துவிட்டார். என்னைக் கேட்டார்களா என்று யாரும் கேட்காதீர்கள்.

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெண்கள். நான் மூத்தவள். என் தங்கையைக் கட்டியவர் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். ஒடிசலான உடம்பு, கனமான கண்ணாடி, காற்றுக்கு வலிக்குமோ என்று பயந்து பேசுவது போன்ற குரல். என் வீட்டுக்காரருக்கு அவர் சகலை. ஆனால் ஒருநாளும் சகலை என்று அழைத்ததில்லை. 'புத்தகப் பூச்சி' என்றே அழைப்பார். தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தண்ணீர்க் குடத்தை அவர் தூக்க வந்தாலும் விடமாட்டார். "நீங்க விடுங்க புத்தகப் பூச்சி, உங்களுக்குப் பக்கம் பொரட்டுறதே பெரிய வேல" என்பார். கூடம் முழுவதும் சிரிக்கும். சகலையும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அன்று எங்களில் எவருக்குத் தெரியும்?

அவையோரே! எதைத்தான் பிடிக்கவில்லை மனிதன்? நடை பழகும்போது தாயின் விரலைப் பிடிக்கிறான். வளர்ந்தபின் வேலையைப் பிடிக்கிறான். வாழ்க்கைக்கு ஒருத்தியின் கரத்தைப் பிடிக்கிறான். வயதானபின் படிக்கட்டின் கம்பியைப் பிடிக்கிறான். இத்தனையும் பிடித்த மனிதனை ஒன்றே ஒன்று பிடித்துக்கொண்டால் என்னாகும்? பொறாமை! பொறாமை பிடித்துக்கொண்டால் என்னாகும்?

சொல்கிறேன்.

சென்ற ஆண்டு இதே வளாகத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். என் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சகலை அவரைத் தன் வண்டியில் அழைத்து வந்திருந்தார். நம் தலைவர் அம்மையாரின் மேசைமேல் ஒரு கருவி இருந்தது. கடிகாரம் போன்ற முகம், அதற்குக் கீழே இரும்புக் கைப்பிடி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கி, அந்தப் பிடியை முழுவிசையோடு இறுக்கினால், இத்தனை கிலோ என்று முள் காட்டும். மூன்று முறை இறுக்கலாம். கூடுதலான எண்தான் கணக்கு.

பட்டறையே கூடிவிட்டது. "குறடு அண்ணே, வாங்க! முள்ள ஒடச்சிடாதீங்க!" என்று ஒரே கூச்சல். இவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு போய் அமர்ந்தார். பல்லைக் கடித்தார். இறுக்கினார்.

முப்பத்து மூன்று.

"ஒங்க மெஷின்ல கோளாறு டாக்டர்" என்றார். இரண்டாம் முறை முப்பத்து இரண்டு. மூன்றாம் முறை முப்பத்து மூன்று. அவருக்குப் பின்னால் வந்த டயர் பிரிவுப் பையன்கள் நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது என்று அடித்தார்கள். என் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. "சின்ன மாப்பிள்ள, நீங்களும் ஒரு தடவ பிடிங்களேன், சும்மா!"

சகலை கூச்சப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். இறுக்கினார். முகத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. பல்லைக் கடிக்கவில்லை.

நாற்பத்து ஏழு!

என் அப்பா கூவினார், ஐயா, கூவினார். "அடேயப்பா! சின்ன மாப்பிள்ள கை இரும்புய்யா! இரும்பு!" அந்தக் குரலில், இவர் நெம்பித் திறந்த அந்தப் பழைய பூட்டு மறுபடியும் பூட்டிக்கொண்டது. என் கணவரின் முகத்தை நான் பார்த்தேன். சிரிக்க முயன்ற வாய் பாதியில் நின்றுவிட்டது. காதுமடல் சிவந்தது. அவர் சகலையின் முகத்தைப் பார்க்கவில்லை. சகலையின் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்குமுன் எங்கும் கண்டதில்லை. பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பது போன்ற பார்வை அது.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். உங்களில் பலர் இப்போதே உங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பது தெரிகிறது. அம்மையாரைக் கேட்டறிந்து சொல்கிறேன், கேளுங்கள். இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆணுக்குப் பொதுவாக நாற்பதிலிருந்து ஐம்பது கிலோ வரை முள் காட்டும். ஐம்பதைக் கடந்தபின் மெல்ல மெல்ல இறங்கும். எழுபதைத் தாண்டியவருக்கு முப்பதை ஒட்டி இருக்கும். இருபத்தெட்டுக்கும் கீழே போனால் தசை தேய்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். உயரம், உடல்வாகு, செய்யும் தொழில், வாழும் நிலம் எல்லாவற்றுக்கும் ஏற்ப இந்த எண் கூடும், குறையும். எழுதும் கைக்கும் மற்றக் கைக்கும் கொஞ்சம் வேறுபாடு இருப்பது இயல்பு. என் வீட்டுக்காரருக்கு வயது நாற்பத்தாறு. முப்பத்து மூன்று என்பது சாவுக்குரிய எண்ணல்ல. ஆனால் குறடு என்று பெயரெடுத்தவருக்கு?

அன்று மாலை அம்மையார் அவரைத் தனியே அழைத்து, "விரல் மரத்துப் போகுதா? ஏதாவது கைநழுவுதா?" என்று கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். காலையில சாப்பிடல." பொய்! பச்சைப் பொய்! காலையில் என் கையால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

மரத்துத்தான் போயிற்று. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பல மாதங்களாக ஊசி குத்துவது போலிருந்திருக்கிறது. தம்ளர் நழுவி உடைந்தபோது "சோப்பு வழுக்கிடுச்சு" என்றார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டபோது, ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்! சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டிலும் கொஞ்சம் விசாரியுங்கள்.

முகாமுக்கு மறுநாள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. இரும்பு ஸ்பிரிங் வைத்த பிடிகருவி. இருப்பதிலேயே கனமானது. விடிந்ததும் குளியலறைக் கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து 'கீச், கீச்' என்று ஒரு சத்தம். குழாய் திறந்துவிட்டிருப்பார், எனக்குக் கேட்கக் கூடாதென்று. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் 'கீச்.' தொலைக்காட்சி பார்க்கும்போது தலையணைக்குக் கீழே 'கீச்.' ஓய்வு கிடையாது, ஒழிச்சல் கிடையாது. வலித்தால் இன்னும் இறுக்குவார். வீங்கினால் துணி கட்டிக்கொண்டு இறுக்குவார். கேட்டால் என்ன பதில் வரும்?

"அவன் பக்கம் பொரட்டுறவன்டி! பக்கம் பொரட்டுறவன் நாப்பத்தேழு அடிக்கிறான்!"

"அடிச்சா அடிச்சுட்டுப் போறார். உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? உங்கப்பா என்னப் பாத்து ஒருநாளாச்சும் இரும்புன்னு சொல்லியிருக்காரா?"

பார்த்தீர்களா, நோய் எங்கே இருந்தது என்று? விரலில் பாதி, விலா எலும்புக்குள் மீதி! தங்கை தொலைபேசியில் அழைத்தால், "என்னவாம் நாப்பத்தேழு?" என்பார். கடையில் ஒல்லியான ஆள் ஒருவர் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு போனால் நின்று பார்ப்பார். தூக்கத்தில்கூட விரல்களை மடக்கி மடக்கி விரிப்பார். என் தங்கையின் கணவர் எங்கள் கட்டிலில், எங்கள் இருவருக்கும் நடுவே வந்து படுத்துக்கொண்டது போலிருந்தது எனக்கு.

அதன்பின் நடந்ததைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அவளுக்கு ஒரே மகள், நான்கு வயது. பெரியப்பா வந்தால் போதும், இரண்டு கைகளையும் நீட்டுவாள். இவர் அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிடித்து வட்டமாகச் சுழற்றுவார். அன்று அவள் கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என் அப்பா, பாவம், பேச்சுவாக்கில் அந்த நாற்பத்தேழை மறுபடியும் எடுத்தார். இவர் எழுந்தார்.

"வாடா கண்ணு. பெரியப்பா சுத்துறேன் வா."

"வேணாம் பெரியப்பா, நான் வரையுறேன்."

"அட வாடா! பெரியப்பா பலம் என்னன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

தூக்கினார். சுழற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குழந்தை சிரிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவருடைய வலக்கை... ஐயா, அந்தக் கை அவரைக் கேட்காமலேயே திறந்துகொண்டது. பிடித்திருக்கிறோம் என்று மூளை சொல்கிறது, விரல் விட்டுவிட்டது. குழந்தை தரையில் சறுக்கிப்போய் அலமாரியின் விளிம்பில் மோதியது. தாடை கிழிந்து வெள்ளைத் தரையில் இரத்தம்.

தங்கை அலறிக்கொண்டு ஓடினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பெற்றவள். "உங்க வீம்புக்கு எம்புள்ளதான் கெடச்சாளா மாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சகலை குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். தையல் போட்டார்கள். வேறு அடி இல்லை. ஆனால் என் கணவர் அந்தக் கூடத்தின் நடுவில், விரிந்துகிடந்த தன் வலது உள்ளங்கையைப் பார்த்தபடி, நாங்கள் திரும்பி வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றார்.

மறுநாள் தானாகவே அம்மையாரிடம் போனார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மணிக்கட்டின் குறுகிய வழியில் ஒரு நரம்பு நசுங்கிக் கிடந்தது. இத்தனை ஆண்டுகளாக காற்றழுத்தத்தால் நட்டு கழற்ற அவர் பிடித்த 'ஏர் கன்' கருவியின் அதிர்வும் அதற்கு ஒரு காரணம். முன்பு கையால் திருகினார். பிறகு விசையை அழுத்தினால் போதும் என்றாகிவிட்டது. தசைக்கு வேலை குறைந்தது. நரம்புக்கு நடுக்கம் கூடியது. நசுங்கிய நரம்பின்மேல் அந்த ஸ்பிரிங்கைப் போட்டு நாள்தோறும் நசுக்கினால்? அம்மையார் தலையில் அடித்துக்கொண்டார். "வீக்கத்த நீங்களே வளத்து வச்சிருக்கீங்க. அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டுறதோட போயிருக்கும்." கடைசியில் சிறிய அறுவை சிகிச்சை வேண்டியதாயிற்று.

அறுவை முடிந்து கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவரைப் பார்க்க யார் வந்தது தெரியுமா? சகலை. தனியாக. தங்கைக்கும் எனக்கும் பேச்சே இல்லாத காலம் அது. நான் வாசலில் நின்றேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சகலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சகலை, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க. எது சொன்னாலும் கேட்டுக்குறேன். தப்பு என்னோடது."

"பாப்பா விஷயம் இல்ல. என் கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கை குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பேருக்குக் குடுத்தேன்."

"எனக்குக் குடுத்ததுதான் ஒரு வாரம் வலிச்சுது. நான் 'ஆ'ன்னு கத்திட்டேன். மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. உங்க மச்சினி சிரிச்சுட்டா. கட்டி அஞ்சு நிமிசம்கூட ஆகல சகலை, என் பொண்டாட்டி என்னப் பாத்துச் சிரிச்சா. மறுநாளே ஒரு ஸ்பிரிங் வாங்குனேன்."

இவர் மெல்லத் திரும்பினார். "என்னது?"

"லைப்ரரி பின்னாடி ரூம்ல வச்சுப் பண்ணுவேன். கட்டுக் கட்டாப் பழைய பேப்பர் இருக்கும்ல, அத விரல் நுனியாலயே தூக்கிட்டுப் போவேன். நீங்க தண்ணிக் கொடத்தப் புடுங்கும்போதெல்லாம் மறுநாள் கூடக் கொஞ்சம் பண்ணுவேன். ஒங்க கையப் பாத்துப் பாத்தே இத்தன வருசமா வயிறெரிஞ்சிருக்கேன். ஒரே ஒரு தடவ உங்கள ஜெயிக்கணும். அவ்வளவுதான்."

"ஜெயிச்சுட்டீங்களே!"

"எங்க ஜெயிச்சேன்? உங்க கை அன்னைக்கே நோய்ல இருந்திருக்கு. அது கணக்குல சேராது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீக்கிரம் தேறி வாங்க. முழு கையோட வாங்க. அப்பப் பாத்துக்கலாம்."

என் கண்கள் நிறைந்துவிட்டன. என் கணவரும் கலங்கிப்போய் அவரை அணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா, அவையோரே?

"எத்தன கிலோ ஸ்பிரிங்கு?"

சிரியுங்கள், சிரியுங்கள்! நானும் அன்று வாசலில் நின்று சிரித்தேன். சகலையும் சிரித்தார். இம்முறை அந்தச் சிரிப்புக்குள் வேறெதுவும் இல்லை.

புண் ஆறியது. அம்மையார் அனுமதி கொடுத்தார். தங்கை வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி தொடங்கியது. முதலில் தங்கை கதவைத் திறக்கவே மறுத்தாள். சகலைதான், "அவரு எங்கிட்டத் தோக்குறதப் பாக்க வேணாமா?" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார். தாய்மார்களே, அங்கே நான் கண்ணால் கண்டதைத்தான் இப்போது பாடமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் மென்மையான பஞ்சுப் பந்து. பேரனின் கன்னத்தைக் கிள்ளுவது போல மெல்ல அழுத்தி, மெல்ல விடுவது. அதைச் செய்யவே குறடுக்கு வெட்கம். "இது பச்சப்புள்ள வெளாடுறது" என்றார். சகலை, "புடிக்கத் தெரிஞ்சவனுக்கு விடவும் தெரியணும்" என்று சொல்லி, ஒரு ரப்பர் வளையத்தை இவருடைய ஐந்து விரல்களைச் சுற்றி மாட்டிவிட்டார். மூடுவது மட்டும் பலமல்ல. வளையத்தை எதிர்த்து விரல்களை விரித்துத் திறப்பதும் பயிற்சியே. அதைச் செய்யாதவர்களுக்குத்தான் முழங்கையில் வலி வந்து சேர்கிறது.

பிறகு ஈரத்துண்டு. நனைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பிழிவது. காசு செலவில்லாத பயிற்சி. இன்று முதல் உங்கள் வீட்டுப் போர்வைகளை யார் பிழியப்போகிறார்கள் என்று தாய்மார்களுக்குப் புரிந்திருக்கும்!

அதன்பின் நடை. தண்ணீர் நிறைத்த கேன்கள், கைக்கொன்று. முதுகு நிமிர்ந்து, தோள் தாழ்ந்து, மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. இவர் போவார், அவர் பின்னாலேயே வருவார். ஒருவர் கீழே வைக்கும்வரை மற்றவர் வைக்கமாட்டார். அம்மையார் ஒருநாள் வந்து பார்த்துத் திட்டினார். "மூச்ச அடக்காதீங்க! அடக்குனா இரத்த அழுத்தம் எகிறும்." இதய நோய் உள்ளவர்கள், அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கடைசியில் கம்பியில் தொங்குவது. முதலில் கால்நுனி தரையில் பட, பாதி எடையை மட்டும் கையில் வாங்கி; பழகப் பழக முழு உடம்பும்.

தொங்குகிற இருவருக்கும் எண்ணிக்கை சொல்ல ஓர் ஆள் வந்து சேர்ந்தது. தாடையில் மெல்லிய தழும்போடு அந்தக் குழந்தை. "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஒம்போது!" அவளுடைய அப்பா தொங்கும்போது வேகமாக எண்ணுவாள், பெரியப்பா தொங்கும்போது மெதுவாக எண்ணுவாள். தன்னைத்தான் அவளுக்குப் பிடிக்கிறது என்று சகலை; இல்லை, தன் பலத்தில்தான் அவளுக்கு நம்பிக்கை என்று இவர். அதற்கும் ஒரு பொறாமை!

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள். தசை வளர்வது இறுக்கும்போதல்ல, ஓய்வெடுக்கும்போது. தசை சீக்கிரம் தேறும். அதை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் தேறும். பருப்பும் முட்டையும் பாலும், போதிய உறக்கமும் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கை நசுக்குவது, அரிசி போடாமல் உலை கொதிக்க வைப்பது மாதிரி. இன்னொன்று. அந்த முள் காட்டுவது கையை மட்டுமல்ல. கையின் வழியே முழு உடம்பையும் காட்டுகிறது. பிடி குறைந்தவருக்குப் பெரும்பாலும் காலும் தளர்ந்திருக்கும். விழுந்தால் எழுவது கடினமாகும். ஆகவே கையை மட்டும் வளர்த்துக் காலை மறந்துவிடாதீர்கள்.

சில மாதங்கள் சென்றன. மறுபடியும் அம்மையாரின் மேசை. என் அப்பா சாட்சி. தங்கையும் நானும் பக்கத்தில் பக்கத்தில். குறடு அமர்ந்தார்; இறுக்கினார். நாற்பத்தொன்று! நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அடுத்துச் சகலை. நாற்பத்தெட்டு.

தோற்றார். ஆம், என் கணவர் முழு கையோடு போய் முறையாகத் தோற்றார். என் தங்கை தன் கணவரைப் பார்த்துச் சிரித்தாள்; அந்தச் சிரிப்புக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த மனிதர், அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார். இவர் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மென்மையாக. "நல்லாருக்கு சகலை" என்றார். அவ்வளவுதான். பொறாமை தீர்ந்ததா? தீரவில்லை! ஆனால் அதில் இருந்த நஞ்சு போய்விட்டது.

அன்று திரும்பும் வழியில் இருவரும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். அங்கே உடற்பயிற்சிக் கம்பியில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க வெள்ளை. அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஒரு கையை விட்டார். விட்ட கையால் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நிதானமாக நெற்றியைத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். இன்னும் ஒற்றைக் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்!

இரண்டு சகலைகளும் சிலையாக நின்றார்கள். இருவருடைய காதுமடல்களும் ஒரே நேரத்தில் சிவந்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சகலை, அந்த ஆளு ஏதோ பண்றாரு."

"ஆமா சகலை. என்னன்னு கண்டுபுடிக்கணும்."

"நாளைக்கு வரலாமா?"

"நாளைக்கு என்ன, இப்பவே போய்க் கேப்போம் வாங்க!"

தோளோடு தோள் உரச இருவரும் அந்தக் கம்பியை நோக்கி ஓடினார்கள். தங்கையும் நானும் எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியாது. சிரித்து முடித்தபோது அவள் கை என் கைக்குள் இருந்தது. எங்களுக்குள் நின்றுபோயிருந்த பேச்சு எப்போது தொடங்கியது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

என் அன்பிற்கினிய பணிமனைப் பெருமக்களே! பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. சொன்னால் கேட்பீர்களா? படுங்கள்! பக்கத்து மேசைக்காரனின் எண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள்! ஆனால் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு படாதீர்கள். கூடத்துக்கு வந்து படுங்கள். குழாயைத் திறந்துவிட்டு மறைக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். விரல் மரத்தால் சொல்லுங்கள். தம்ளர் நழுவினால் சொல்லுங்கள். பொத்தான் போட முடியாவிட்டால் சொல்லுங்கள். வலியை மறைப்பதா வீரம்? பிடி தளர்ந்துவிட்டது என்று பிடித்தவர்களிடம் சொல்வதே வீரம்! எவன் கை உங்கள் உறக்கத்தைக் கெடுக்கிறதோ, அவனையே அழைத்து வாருங்கள். அவன் ஒரு கேனைத் தூக்கட்டும். நீங்கள் ஒரு கேனைத் தூக்குங்கள். எதிர்த்து நின்றே வளருங்கள், அருகில் நின்றே வளருங்கள், ஆளுக்கு ஆள் சளைக்காமல் வளருங்கள்! இந்த ஊரின் உயிர்கள் நாள்தோறும் உங்கள் கையில் ஏறி உங்கள் கையில் இறங்குகின்றன. அந்தக் கை நடுங்கக் கூடாது! அந்தக் கை மரத்துப் போகக் கூடாது! அந்தக் கையில் உள்ள நோயை எந்த வீம்பும் மூடி மறைக்கக் கூடாது!

புதிய கூடத்தின் கதவு இன்று திறக்கிறது. உள்ளே கம்பி இருக்கிறது, கேன் இருக்கிறது, அம்மையாரின் கருவியும் இருக்கிறது. முதல் ஆளாக யார் போவது என்று முன்வரிசையில் இப்போதே ஒரு தள்ளுமுள்ளு நடப்பதை நான் பார்க்கிறேன். சகலைகள் இரண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை!

வாய்ப்பளித்த சங்கத்துக்கும், வாய்மூடிக் கேட்ட உங்களுக்கும், வாயை மூடச் சொல்லாத என் வீட்டுக்காரருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. ஐயா, முறைத்தது போதும்; சொன்னபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உங்களை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவை முழுவதற்கும் என் வணக்கம். போங்கள், போய்ப் பிடியுங்கள்!